ஜெயராணிக்கு விழுந்த சீட்டு

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை, பௌர்ணமிப் போயா லீவோடு சேர்ந்து நீண்ட விடுமுறை வரும் வாரக்கடைசியில், குடும்பத் தியான முகாம் நடக்கும். கைக்குழந்தை முதல் கைத்தடி ஊன்றுகிறவர் வரை எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு, கண்டியில் பஸ் ஏறி, கலஹாவுக்கு மேலே இருக்கும் ஒரு பழைய பங்களாவுக்குப் போவோம். தியானம் என்பது பெயரில்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்ததிலிருந்து யார் எந்தக் கட்டிலில் படுப்பது, யாருடைய வாளியை யார் எடுத்தது என்று ஒரே கூச்சல். விடியற்காலையில் எலும்பு வரைக்கும் குத்துகிற தண்ணீர். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கிட்டாரோடு வந்து, தூங்குகிறவர்களைப் பாட்டுப் பாடி எழுப்புவார்கள். தூங்குகிறவர்களைத் தூங்க விடுவதும் ஊழியம்தான் என்று போதகரிடமே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு குறை சொல்கிறவள் எதற்கு வருஷா வருஷம் போகிறாய் என்று கேட்டால், சாப்பாட்டு மேசைக்காக என்றுதான் சொல்வேன். சாப்பாட்டை அல்ல, மேசையைச் சொல்கிறேன். அங்கே சொந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள். புருஷன் ஒரு மேசை, பெண்சாதி இன்னொரு மேசை, பிள்ளைகள் எங்கேயோ. முகாம் முடியும் வரைக்கும் ஒரு மேசைதான் ஒரு குடும்பம். அதற்கு ஒரு அம்மா, ஒரு அப்பா, பிள்ளைகள், பக்கத்தில் ஒரு அத்தையோ மாமாவோ. அந்தக் குடும்பம் சேர்ந்து சாப்பிட வேண்டும், சேர்ந்து பாத்திரம் கழுவ வேண்டும், சேர்ந்து ஜெபம் பண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு எல்லாம் முடியும். அன்றைக்கு ஒவ்வொரு மேசையின் அம்மாவும் எழுந்து நின்று பரிமாறி, முதல் கவளத்தைத் தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஊட்டி, தலையில் கை வைத்து ஒரு வார்த்தை ஆசீர்வாதம் சொல்லுவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைக்கலாம். இதை யார் தொடங்கிவைத்தார்கள் என்று தெரியாது. பைபிளில் இல்லை. ஆனால் பைபிளில் இருப்பதை விட்டாலும் விடுவார்களே தவிர, எங்கள் ஆட்கள் இதை விடமாட்டார்கள்.

நான் எழுத வந்தது ஜெயராணியைப் பற்றி.

கண்டி டவுனில் தனியார் டொக்டர்மார் வந்து பார்க்கும் ஓர் இடத்தில், நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பதுதான் ஜெயராணியின் வேலை. ஆள் ஒல்லி. குரல் மட்டும் கட்டடத்துக்கு வெளியே பஸ் தரிப்பிடம் வரைக்கும் கேட்கும். "பதினேழு யாரு? பதினேழு உள்ள போங்க. நீங்க பத்தொம்பது, ஒக்காருங்க" என்று அவள் சொன்னால் பெரிய பெரிய உத்தியோகத்தர்களும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் குரல் வேலை செய்யும் இடத்தோடு சரி. சபையில் அவள் வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு வார்த்தை. பரவாயில்லை. கடைசி வாங்குப் பலகையில் இடம் கொடுத்தாலும் பரவாயில்லை, தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை.

பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பி சுரேஸ் பள்ளிக்கூடப் பையன். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டிக்கு வந்தாள். படிக்கவைத்தாள், வேலையில் சேர்த்துவிட்டாள், கல்யாணம் கட்டிவைத்தாள். அவளுக்கும் வரன்கள் வந்தன. அவன் சோதனை எழுதட்டும், அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் வரன்கள் நின்றுபோயின. இப்போது கட்டுகஸ்தோட்டையில் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். தம்பியின் பிள்ளைகளையும் அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவர்கள் அவளை அத்தை என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அவள் அத்தைதானே. ஜெயராணியைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் இஷ்டத்தோடு ஒரு காரியத்தைச் செய்து முடித்த மனுஷியை எதற்காகப் பாவம் என்று சொல்ல வேண்டும்?

எங்கள் முகாம் கமிட்டி செய்ததும் அந்தப் பாவம் பார்க்கிற வேலையைத்தான். எந்த மேசைக்கு யார் அம்மா, யார் அப்பா என்று அவர்கள்தான் முன்கூட்டியே தீர்மானிப்பார்கள். ஜெயராணிக்கு ஒவ்வொரு வருஷமும் அத்தை. கல்யாணம் ஆகாத பிள்ளை, அம்மா என்று போட்டால் மனசு நொந்துபோகும் என்று அவர்களுக்கு யோசனை. அன்பால் வந்த யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்திருக்கிறேன். வேறு யாரோ பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொதிச் சட்டியைப் பிடித்துக்கொள்ளவா என்று கேட்பாள். வேண்டாம் என்றால், பரவாயில்லை. மனசு எதில் நோகிறது என்று கமிட்டி அவளிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அவள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இருந்ததே இரண்டு மூன்று வருஷம்தான். மற்ற வருஷங்களில் சனிக்கிழமை பின்னேரமே தம்பியின் ஃபோன் வந்துவிடும். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், மகளுக்குக் காய்ச்சல், சமையல் கேஸ் முடிந்துவிட்டது. கேஸ் முடிந்ததற்கு அக்கா வந்து என்ன செய்வாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சுரேஸ் கெட்டவன் இல்லை. அக்காவுக்கு முதல் முதலில் ஃபோன் வாங்கிக் கொடுத்தது அவன்தான். கொடுத்ததிலிருந்து அதில் அதிகமாகக் கூப்பிடுகிறவனும் அவன்தான்.

இந்த வருஷம் புதிதாக வந்திருந்த போதகரின் மனைவிக்கு எங்கள் கமிட்டியின் அருமை பெருமை தெரியாது. "எதுக்கு இவ்வளவு யோசிக்கணும்? சீட்டுப் போட்டு எடுப்போம். யாருக்கு எது விழுதோ அது" என்று ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். வயசு பார்க்கவில்லை, ஆண் பெண் பார்க்கவில்லை. கூடத்தில் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

எங்கள் மேசையைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் டிலானிக்கு அப்பா சீட்டு விழுந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற சஞ்சீவனிக்கு மகன் சீட்டு. ஓய்வு பெற்ற பொன்னுத்துரை மாஸ்டருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர், பாதிக் கண்டிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அவருக்குக் கடைக்குட்டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "என்ன பிள்ளை இது, எழுபத்திரண்டு வயசில எனக்குக் கடைக்குட்டியோ?" என்று என்னைக் கேட்டார். நான் என் சீட்டைக் காட்டினேன். மூத்த மகள். ஜெயராணியைவிட எனக்கு ஒரு வயது கூட.

ஜெயராணி சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா.

செய்தி பரவியதும் கமிட்டிப் பெண்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் பிரேமிளா வந்தாள். "அக்கா, ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா எங்கிட்டத் தாங்க. எனக்கு அத்தை விழுந்திருக்கு, மாத்திக்குவோம்" என்றாள். பின்னாலேயே இன்னொருத்தி வந்து அதையே சொன்னாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், போதகரம்மாவும் வந்து தோளில் கை வைத்து, "மனசுக்குக் கஷ்டமா இருந்தா கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றார். பரவாயில்லை என்ற வார்த்தை வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். சீட்டு கை மாறப்போகிறது என்றே நினைத்துவிட்டேன்.

"இது எனக்கு விழுந்த சீட்டு" என்றாள் ஜெயராணி. சத்தமாகச் சொல்லவில்லை. சீட்டைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தாள்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே ஆட்சி தொடங்கிவிட்டது. டொக்டர் வாசலில் கேட்கிற குரல் மெல்ல மெல்ல எங்கள் மேசைக்கு வந்துசேர்ந்தது. சஞ்சீவனி பசிக்கவில்லை என்று பிஸ்கட் பக்கெட்டோடு எழுந்தாள். "மகன், ஒக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் ஜெயராணி. அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டது. குடும்பத் தலைவர் என்ற முறையில் டிலானி ஜெபம் பண்ணினாள். "ஆண்டவரே, சாப்பாட்டுக்கு நன்றி. மாஸ்டர் கெதியாச் சாப்பிடணும். மத்த மேசைக்கு முன்னாடி நாங்க பாத்திரம் கழுவணும். ஆமென்." மாஸ்டர் ஆமென் சொல்ல மறுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் தேயிலைக்குள் ஜெப நடை. முதல் நாள் பெய்த மழைக்கு அட்டை கூட்டமாகக் காத்திருந்தது. சஞ்சீவனியின் கணுக்காலில் ஒன்று ஏறிக்கொள்ள, கம்பஸில் விலங்கியல் படிக்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு என் கையை நசுக்கிவிட்டாள். ஜெயராணி பையிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்துத் தேய்த்து, அட்டையை உதறிவிட்டு, அந்தப் பிள்ளையின் சப்பாத்துக் கயிறையும் குனிந்து கட்டிவிட்டாள். அதோடு நிற்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"பரிமளம், ஒங்க காலையும் காட்டுங்க."

முப்பது வருஷமாக அவளுக்கு நான் பரிமளம் டீச்சர். எல்லோருக்கும் டீச்சர்தான். என் புருஷன் போன பிறகு என்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. காலை நீட்டினேன். சந்தோஷமாக இருந்தது.

சண்டையும் வந்தது. பத்து மணித் தேத்தண்ணீருக்குக் கித்துள் கருப்பட்டி வைத்திருந்தார்கள். மாஸ்டருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அவர் ஒரு துண்டை வாயிலும் இரண்டு துண்டைச் சட்டைப் பையிலும் போட்டதை ஜெயராணி பார்த்துவிட்டாள். நேராகப் போய்க் கையை நீட்டினாள்.

"பையில இருக்கிறத எடுங்க."

"ஒரு துண்டுதானே பிள்ளை. தோட்டத்துத் தேத்தண்ணி கசக்குது."

"ரெண்டு துண்டு. எடுங்க."

பாதிக் கண்டியை வகுப்பில் வாங்கின் மேல் ஏற்றி நிறுத்திய மனுஷன், பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு தோட்டத்தில் ஒரு கதிரையைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. ஜெயராணி அவருடைய தட்டில் சிவப்பரிசிச் சோறும் பருப்பும் பாகற்காயும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். தட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது மாஸ்டர் தன் தட்டைத் தானே கழுவினார்.

பின்னேரம் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது. எனக்கு அந்த ஒலியே பிடிக்காமல் போய்விட்டது. ஒதுங்கிப் போய்ப் பேசினாள். "சரி தம்பி. சரி. வாரேன்" என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

சுரேஸின் மகளைப் பார்க்க நாளைக்கு ஹட்டனிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம். சம்பந்தம் பேச. அக்கா இல்லாமல் முடியாதாம். கலஹா டவுனிலிருந்து ஓட்டோ ஒன்று சொல்லிவிட்டானாம், ஆறு மணிக்கு வரும். நான் பெண்கள் கூடத்துக்குப் போனபோது கட்டில் மேல் பை திறந்து கிடந்தது. ஜெயராணி ஒரு சேலையை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள்.

போதகரம்மா பின்னாலேயே வந்தார். தங்கமான பெண். ஆனால் தங்கமானவர்கள்தான் சில நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். "கவலப்படாமப் போய்ட்டு வாங்க. நல்ல காரியம். நாளைக்குப் பரிமாற வேற ஆளப் போட்டுக்கலாம்" என்றார்.

சேலை மடித்த கை நின்றுவிட்டது. "வேற ஆளா?" என்றாள். போதகரம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஜெயராணி கட்டிலில் உட்கார்ந்தாள். போகாதே என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் காலமெல்லாம் யாராவது சொன்னதைக் கேட்டே வந்தவள், நானும் ஒன்றைச் சொல்லி அவள் அதையும் கேட்டு நடப்பதில் என்ன இருக்கிறது?

அதற்குள் விஷயம் மேசைக்குப் போய்விட்டது. மூவரும் வாசலில் வந்து நின்றார்கள். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் மாஸ்டர் வாசல்படிக்கு அந்தப் பக்கம்.

டிலானி உள்ளே வந்து பையைப் பார்த்தாள். "நான்தானே அப்பா. என்ன ஒருத்தரும் கேக்கலையே" என்றாள்.

"நானும் ஒண்டு சொல்லுறன்" என்றார் மாஸ்டர் வெளியிலிருந்து. "அம்மா போறதெண்டால் எனக்கு நல்லதுதான். குசினியில ஒரு பெட்டி கருப்பட்டி இருக்கு. ஓட்டோ திரும்பினதும் நான் அங்கதான் போவன்."

ஜெயராணி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க, போய் எடுத்துப் பாருங்க" என்றாள். டொக்டர் வாசல் குரல். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையிலிருந்த சேலையைக் கொண்டுபோய் மறுபடி ஆணியில் மாட்டினாள்.

ஆனாலும் பயம் இருந்தது. "நான் பேச மாட்டேன். அவன் குரலக் கேட்டா எனக்குக் கால் நிக்காது" என்று ஃபோனைச் சஞ்சீவனியிடம் கொடுத்தாள். நாளைக்குப் பின்னேரம்தான் வருவேன் என்று ஒரு மெசேஜ் போடச் சொன்னாள். போட்டதும் ஃபோனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஆறு மணிக்கு ஓட்டோ வந்தது. நானும் கூடப் போனேன். ஓட்டோக்காரருக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க, வரலை. பிள்ளைங்க விடுறாங்க இல்ல" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் மனசு அங்கே இல்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் ஃபோனைத் திறந்து பார்த்தாள். தம்பியிடமிருந்து ஏகப்பட்ட அழைப்புகள். மறுபடி அணைக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

பிறகு பரிமாறினாள். ஆறேழு மேசைகளிலும் அம்மாமார் எழுந்து நின்றார்கள். அதில் ஒருவர் மீசை வைத்த பொருளாளர். நான் எங்கள் அம்மாவை மட்டும்தான் பார்த்தேன். சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, சம்பலை ஓரத்தில் வைத்து, எந்தத் தட்டுக்கு எவ்வளவு என்று யோசிக்காமலே கை போயிற்று. முதல் கவளம் டிலானிக்கு. "நல்லாப் படிங்க அப்பா" என்றாள். சஞ்சீவனியின் தலையில் கை வைத்து, "ஹொஸ்டல்ல பிஸ்கட் மட்டும் திங்காத மகன். சோறு சாப்பிடு" என்றாள். என் முறை வந்தது. உருட்டிய சோற்றை வாயில் வைத்துவிட்டு, "பரிமளம், கோபத்தக் கொஞ்சம் கொறச்சுக்க. ஆண்டவர் ஒன்னோட இருப்பாரு" என்றாள். நேற்றுவரை நீங்க, இன்றைக்கு நீ. வாய் நிறையச் சோறு. கண் நிறைந்தது அந்தச் சம்பலால் இல்லை.

மாஸ்டருக்காக அவள் சோற்றைப் பிசையும்போது ஃபோன் அடித்தது.

அவளுடைய வலது கையில் சோறு, இடது கையில் கறிச்சட்டி. திரையில் தம்பி என்று வந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. "எடும்மா" என்றாள் சஞ்சீவனியைப் பார்த்து. அந்தப் பிள்ளை பொத்தானை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டது.

"அக்கா, எங்க இருக்கீங்க? வந்தவங்க எல்லாம் ஒங்களத்தான் கேக்கிறாங்க" என்றான் சுரேஸ். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது குரல்.

"தம்பி, பிள்ளைங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் பஸ் ஏறுறேன்."

"எந்தப் பிள்ளைங்க?"

அவள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எம் பிள்ளைங்கதான்" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்டான். விளையாட்டாகத் தொடங்கியிருக்க வேண்டும், பாதியிலேயே குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது.

"அப்ப நான் யாருக்கா?"

ஜெயராணி கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். ஃபோன் பக்கமாகக் குனிந்தாள்.

"நீதான்டா மூத்தவன்" என்றாள். "எல்லாருக்கும் முன்னாடி வந்தவன். மூத்த பிள்ளை கொஞ்சம் பொறுத்துக்கணும். சின்னதுங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."

அதுவரைக்கும் மூத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை அப்போதே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

"சரிக்கா" என்றான் சுரேஸ். "ஆறுதலா வாங்க. நான் வந்தவங்களப் பாத்துக்கிறேன்."

அவள் நிமிர்ந்து சோற்றைக் கையில் எடுத்தாள். எதிரில் எழுபத்திரண்டு வயதுக் கடைக்குட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.